மின்தடை கணக்கிற்கு வந்த வரலாறு

வீடுகளில் இழைக் குமிழ்கள் எரிந்த காலத்திலே ஒவ்வொரு குமிழின் தலையிலும் 230 வோல்ற்று, 60 வாற்று என்பன போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்விரண்டையுங் கொண்டு மற்றவற்றை அறிந்துகொள்ளப் பாடசாலை மாணவனுக்கு ஒரு நிமிடம் போதும். 60ஐ 230ஆல் வகுத்தால் குமிழினூடே ஓடும் மின்னோட்டம் வரும். அஃது ஓர் அம்பியரின் காற்பங்கிலும் சற்றே கூடியது. 230 வோல்ற்றை அம்மின்னோட்டத்தால் வகுத்தால், எரியும் இழையின் தடை ஏறக்குறைய 880 ஓம் என்பது தெரியவரும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வலு. கணக்கு இவ்வளவே.

ஆயின் இவ்வெளிமை பிற்காலத்திலே வந்து சேர்ந்தது. இத்தாலிய விஞ்ஞானியாகிய வோல்ற்றா தமது மின்கல அடுக்கை 1800ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். மின்னோட்டம் ஓடுங் கம்பி அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்பதை டென்மார்க்கு நாட்டினராகிய ஏர்ஸ்டெட் 1820இல் வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் பலவற்றிலும் மின்கலமும் கம்பியும் ஊசியும் இடம்பெற்றன. அவ்வாறிருந்தும், கம்பியின் நீளத்தை இருமடங்காக்கினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்னும் வினாவுக்கு 1825ஆம் ஆண்டிலும் சரியான விடை அச்சில் வரவில்லை. விடையின்மையாற் கேடும் விளைந்தது. இங்கிலாந்திலே பீற்றர் பார்லோ என்னுங் கணித அறிஞர், மின்னைக் கொண்டு தொலைவிற்குச் செய்தி அனுப்ப இயலுமா என்று ஆராய்ந்தார். 200 அடிக் கம்பியிலேயே மின்னின் செயல் பெரிதும் தளர்ந்துவிடக் கண்டு, அத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என 1825இல் முடிவு கூறினார். அவருடைய கண் பொய் சொல்லவில்லை. கண்டதைக் கணக்காக்கும் வழி அவரிடம் இருக்கவில்லை.

அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்றும் வெவ்வேறானவை என்பதே அக்காலத்திற் பலருக்குத் தெளிவாகவில்லை. மின்கலத்தின் ஆற்றல் என்று ஒன்றைச் சொன்னார்கள். ஊசியின் திருப்பம் என்று ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையில் நிற்பது யாது என்று பிரித்துணரவில்லை. போதாக்குறைக்கு மின்கலமும் நிலையற்றதாய் இருந்தது. ஓட்டம் தொடங்கியதும் செப்புத் தகட்டின்மேல் ஐதரசன் வாயுக் குமிழ்கள் படிந்து கலத்தை நிமிடத்துக்கு நிமிடம் நலிவித்தன. சுற்றைத் திறந்து சிறிது நேரம் விட்டால் அது மீண்டும் வலுப்பெற்றது. நிறுத்துக்கொண்டிருக்கும்போதே படிக்கல்லின் பாரம் மாறிக்கொண்டிருந்தால் வணிகன் எதைத்தான் நிறுப்பான்?

மின்கலமும் ஊசியும் தோன்றுமுன்னரே ஒருவர் இவ்வினாவின் விடையை நெருங்கிவிட்டார் என்பது வியப்பிற்குரியது. இங்கிலாந்தின் பெருஞ் செல்வரும் எவரோடும் பேச விரும்பாதவருமான என்றி கவெண்டிஷ் என்பவரே அவர். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத அந்நாளிலே தம் உடலையே கருவியாகக் கொண்டார். மின்னேற்றிய லெய்டன் சாடிகளை உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களினூடாகவும் தம் கைகளினூடாகவும் இறக்கி, இரண்டு குழாய்கள் தரும் அதிர்ச்சிகள் ஒத்திருக்குமாறு நீரின் நீளத்தைக் கூட்டியுங் குறைத்தும் பார்த்தார். அதிர்ச்சியின் உறைப்பை நினைவில் வைத்து ஒப்பிடுவதே அவருடைய அளவீடு. இரும்புக் கம்பி மழைநீரைவிட 40 கோடி மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும் என்று 1776இல் எழுதினார். 1781இல், தடை ஓட்டத்தின் வேகத்துக்கு நேர்விகித சமமானது என்ற முடிவுக்கும் வந்தார். அம்முடிவை அவர் அச்சிடவில்லை. 1810இல் அவர் மறைந்தபின் கையெழுத்துத் தாள்கள் பல்லாண்டுகள் கிடந்தன. 1879இல் மக்சுவெல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்திலே மக்சுவெல் அதே முறையில் தம் உடலினூடும், பார்க்க வந்தவர்கள் உடலினூடும் மின்னைச் செலுத்திச் சோதித்தார் என்பர். வந்தவர்களிற் சிலர் அதனை விருந்தோம்பலாகக் கருதவில்லை. எவ்வாறாயினும், பெட்டியில் உறங்கிய விடை எவருக்கும் வழிகாட்டவில்லை. அதனை மறுபடியும் அடியிலிருந்து காண வேண்டியிருந்தது.

கண்டவர் அந்நாளிற் சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர், பாடசாலை ஆசிரியர். ஜோர்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆந் திகதி யேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யுங் கொல்லர். முறையான கல்வி பெறாத அத்தந்தை கணிதத்தைத் தாமே முயன்று கற்று, ஜோர்ஜுக்கும் அவர் தம்பி மார்ட்டினுக்கும் வீட்டிலே கற்பித்தார். 1805இல் மூத்தவர் எர்லாங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். சேர்ந்தவர் படிப்பினும் நடனத்திலும், பில்லியட்சு ஆட்டத்திலும், பனிச்சறுக்கிலும் பொழுதைப் போக்குவதாகத் தந்தை சினங்கொண்டார். மூன்று தவணைகளோடு படிப்பு நின்றது. இளைஞர் சுவிற்சர்லாந்து சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1811இல் ஊர் திரும்பிக் கலாநிதிப் பட்டம் பெற்றாரேனும் அதன்பின்னும் வறிய ஊதியமுள்ள பதவிகளே கிடைத்தன. 1817இல் அவர் எழுதிய கேத்திரகணித நூலின் பயனாகக் கொலோன் நகரின் உயர்தரப் பாடசாலையிலே கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பதவி வாய்த்தது. அப்பாடசாலையில் நல்ல பௌதிக ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. கொல்லர் பட்டறையிற் பழகிய கைகளுக்கு அது போதுமாயிற்று.

முதல் முயற்சி தவறிற்று என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1825இல் ஓம் வழக்கமான மின்கலத்தைக் கொண்டு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சோதித்து, மடக்கையைக் கொண்டமைந்த ஒரு சூத்திரத்தை அவசரமாக அச்சிட்டுவிட்டார். அச்சிட்ட பின்பே அது பொருந்தாமை புலப்பட்டது. குற்றம் பெரும்பாலும் நிலையற்ற மின்கலத்தினுடையது. பௌதிக ஆண்டிதழின் ஆசிரியராகிய பொகண்டோர்ப், மின்கலத்தை விடுத்து வெப்பவிணையைக் கையாளுமாறு அவருக்கு ஆலோசனை கூறினார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரு முனைகளிலும் பொருத்தி, ஒரு முனையைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பதைச் சீபெக் 1821இற் கண்டிருந்தார். அவ்வோட்டம் மிக மெலிந்தது. ஆனால் வெப்பநிலைகள் மாறாதவரை அதுவும் மாறாது. வல்லமையை விட்டு நிலைபேற்றைத் தெரிந்துகொண்ட இந்த மாற்றமே ஓமின் வெற்றிக்கு வித்து.

அவர் பிசுமதுக் கோல் ஒன்றின் இரு முனைகளிலும் செப்புப் பட்டைகளை இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் நீரில் நின்றது; மற்றது பனிக்கட்டியில் நின்றது. நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் இயற்கை தானே காத்துத் தருபவை. அவற்றை யாரும் திருத்தவேண்டியதில்லை. செப்புப் பட்டைக்கு மேலே, தட்டையாக்கிய தங்க இழையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். ஓட்டம் ஊசியைத் திருப்ப, இழையின் மேற்றலையை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, எத்தனை பிரிவு முறுக்கவேண்டியிருந்தது என்பதைக் குறித்தார். ஒரே பருமனும் வெவ்வேறு நீளமுமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்தார். அவற்றின் நீளங்கள் 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை.

1826ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதியின் எண்கள் இன்றும் உள்ளன. 2 அங்குலக் கம்பிக்கு 326¾ பிரிவு. 34 அங்குலக் கம்பிக்கு 134½. 130 அங்குலக் கம்பிக்கு 48½. முதற் பார்வையில் இவற்றில் ஒழுங்கு எதுவுந் தோன்றாது. 2க்கும் 130க்கும் உள்ள விகிதம் 65. ஊசியின் அளவோ ஏழில் ஒன்றாகத்தான் குறைந்திருக்கிறது. இங்கேதான் ஓம் ஒன்றை உணர்ந்தார்: ஓட்டத்தைத் தடுப்பது சோதனைக் கம்பி மட்டுமன்று, பிசுமதுக் கோலும் செப்புப் பட்டைகளும் இணைப்புகளும் சேர்ந்து தடுக்கின்றன. அவ்வளவையும் சேர்த்து 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கொண்டால் குழப்பம் நீங்குகிறது. 2 அங்குலக் கம்பிக்கு மொத்தம் 22¼. அதனை 326¾ஆற் பெருக்கினால் 7,270. 34 அங்குலத்துக்கு 54¼. அதனை 134½ஆற் பெருக்கினால் 7,297. 130 அங்குலத்துக்கு 150¼; அதனை 48½ஆற் பெருக்கினால் 7,287. கொதிநீரும் பனிக்கட்டியும் தங்க இழையுங் கொண்டு பெற்ற எண்கள் நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபடாமல் ஒத்து நிற்கின்றன.

ஆகவே ஓட்டம் என்பது, மாறாத ஓர் எண்ணைச் சுற்றின் முழுத் தடையால் வகுத்தால் வருவது. அம்மாறாத எண் எதைச் சார்ந்தது என்பதையும் அவர் சோதித்தார். வெப்பவிணையின் முனைகளுக்கிடையே வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்தபோது மேலுள்ள எண் குறைந்தது. 20¼ மட்டும் அசையவில்லை. செலுத்துவது வேறு, தடுப்பது வேறு என்பது அன்று எண்ணாலே நிறுவப்பட்டது. இன்று முன்னது மின்னியக்கவிசை என்றும், பின்னது தடை என்றும் பெயர்பெறும். வெப்பநிலை மாறாத உலோகத்துக்கே இவ்விதி செம்மையாகப் பொருந்தும் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும். தொடக்கத்திற் சொன்ன குமிழின் இழை எரியும்போது 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதிற் பத்தில் ஒரு பங்களவுதான்.

இத்துணைத் தெளிவான சோதனைக்குரிய வரவேற்பு ஏன் கிடைக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் பலரும் எழுப்பிய வினா. அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுமுறை பெற்றுப் பேர்லின் சென்ற ஓம், 1827இல் கல்வனிச் சுற்றைக் கணித முறையில் ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். சர்வகலாசாலைப் பதவி ஒன்றை அந்நூல் பெற்றுத்தரும் என்பது அவர் எண்ணம். பெற்றுத்தரவில்லை. 1828இல் கொலோன் பதவியைத் துறந்து, பேர்லின் பாடசாலைகளிலே மணித்தியாலக் கணக்கிற் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். கல்வி அமைச்சர் ஒருவர் அவரைப் பதவியிலிருந்து விரட்டினார் என்னுங் கதை பின்னாளில் வளர்ந்தது. உண்மையில் விலகியவர் அவரே. கெகலின் தத்துவத்தைச் சார்ந்த விமரிசகர் ஒருவர் பேர்லினில் நூலைக் கடுமையாகத் தாக்கியது மெய். எனினும் பழியில் ஒரு பங்கு ஓமையுஞ் சாரும். கையால் அளந்த எண்களை முன்னே வையாது, வெப்பம் பரவுதல் பற்றிப் பூரியே எழுதிய கணிதத்தைப் பின்பற்றி, எடுகோள்களிலிருந்து தொடங்கி நூலை நடத்திச் சென்றார். பௌதிகத்திற் கணிதத்துக்கு அதிக இடங்கொடாத அந்நாளைய யேர்மனிய வாசகனுக்கு அது வெறுங் கற்பனையாகத் தோன்றியதில் வியப்பில்லை. கொதிநீரையும் பனிக்கட்டியையும் காட்டியிருந்தால் அவன் ஒருவேளை நம்பியிருப்பான்.

நம்பிக்கை வெளியிலிருந்தே வந்தது. லைப்சிக்கு நகரின் பெக்னர் மிகப் பல அளவீடுகளைச் செய்து ஓமின் விதியை உறுதிப்படுத்தி 1831இல் நூலாக்கினார். தந்தி அமைக்க முயன்றவர்களுக்கோ அது தத்துவ விவகாரமாகவே இருக்கவில்லை. பார்லோவைத் தடுத்து நிறுத்திய இடத்தில் ஓமின் வகுத்தற் கணக்கு வழிகாட்டியது: கம்பியின் தடை பெருகினால் கலங்களைத் தொடராக அடுக்கி அழுத்தத்தைப் பெருக்கலாம், அளக்குங் கருவியில் நுண்கம்பியைப் பல சுற்றுச் சுற்றலாம், நெடுந்தொலைவு ஒரு தடையேயன்றிச் சுவர் அன்று. இங்கிலாந்தில் வீட்ஸ்டன் இதனை நன்குணர்ந்தார். 1841இல் இலண்டன் றோயல் சங்கம் தன் கொப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. மூனிச்சு சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 63. 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆந் திகதி அவர் காலமானார்.

தடை தெரிந்தாயிற்று, செலவு தெரியவில்லை. அதனைக் கணக்கிட்டவர் மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள சல்போர்ட் நகரின் மதுவடிசாலைச் சொந்தக்காரரின் மகன் ஜேம்ஸ் பிறெஸ்கொட் ஜூல். வடிசாலையில் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டரைக் கொண்டால் மலிவாகுமா என்பதை அறியவே அவர் ஆய்வில் இறங்கினார். வயது இருபத்திரண்டு நிறையுமுன், கம்பியைக் கண்ணாடிக் குழாயிற் சுற்றி நீரில் அமிழ்த்தி, மின்னோட்டம் ஓடும்போது நீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானியாற் பார்த்தார். 1841இல் வெளிவந்த அவர் கட்டுரையின் முடிவு: ஒரு குறித்த நேரத்தில் உண்டாகும் வெப்பம், கம்பியின் தடைக்கும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமமானது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்கு; மும்மடங்கானால் ஒன்பது மடங்கு.

இதனை ஓமின் விதியோடு சேர்த்தால், அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்குங் கணக்கு தானே வரும். ஓட்டத்தைத் தடையாற் பெருக்கினால் அழுத்தம். ஆகவே ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்குவதும், அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்குவதும் ஒன்றே. மாணவர்கள் இங்கே ஓர் ஐயத்திற் சிக்குவதுண்டு. தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா? ஓட்டம் மாறாதிருக்குமாயின் கூடும். அழுத்தம் மாறாதிருக்குமாயின் குறையும். ஒரே சுற்றில் அடுத்தடுத்துத் தொடராக நிற்கும் இரண்டு கம்பிகளில் தடை கூடியதே அதிகம் சூடாகும். வீட்டிலே ஒரே அழுத்தத்தில் தனித்தனி எரியும் இரண்டு குமிழ்களில் தடை குறைந்ததே பிரகாசமாக எரியும்.

கணக்கை மதியாதவர்கள் கொடுத்த விலை 1858இல் வெளிப்பட்டது. அயர்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் கடலடியில் முதன்முதல் இடப்பட்ட தந்தி வடம் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திற் செய்தியைக் கடத்தியது. வடத்துக்கு வாங்கப்பட்ட செப்பு எல்லாம் ஒரே தன்மையதன்று, அதன் கடத்துதிறன் மாதிரிக்கு மாதிரி பெரிதும் வேறுபடுகிறது என்று வில்லியம் தொம்சன் முந்திய ஆண்டிலேயே அளந்து காட்டியிருந்தார். கம்பனியின் மின்னியலாளராகிய வைல்ட்மன் வைற்கவுஸ் நுண்ணிய அளவீட்டினும் பேரழுத்தத்தையே நம்பி, ஏறக்குறைய 2,000 வோல்ற்று அளவில் வடத்தினுட் செலுத்தினார். முன்னரே குறைபாடுகள் இருந்த காப்புறை அதனைத் தாங்கவில்லை. மூன்று கிழமைகளளவில் வடம் ஊமையாயிற்று. பெரும்பணம் கடலுக்கடியிற் கிடந்தது. அதன்பின்னரே, தடையை எல்லாரும் ஒரே அலகில் அளந்தாலன்றி வடம் செய்பவனும் வாங்குபவனும் ஒப்பந்தம் எழுத முடியாது என்பது வணிகருக்கும் விளங்கிற்று. 1861இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் மின்னலகுகளுக்கென ஒரு குழுவை நிறுவியது. 1863இல் அக்குழுவுக்காகத் தடையின் அலகை அளந்தவர்களில் மக்சுவெலும் ஒருவர். 1865இலிருந்து படியாகக் கொள்ளத்தக்க கம்பிச் சுருள்கள் வழங்கப்பட்டன.

ஓமையும் ஜூலையும் ஒருசேரக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது மின்விளக்கு. நியூ ஜேர்சியின் மென்லோ பார்க்கில் எடிசன் 1878இல் விளக்கு முயற்சியைத் தொடங்கியபோது, பேர்லினில் எல்ம்ஹோல்ட்சிடம் பயின்ற பிரான்சிஸ் அப்டன் என்னுங் கணித வல்லுநர் அவரிடஞ் சேர்ந்தார். மற்றையோர் தடை குறைந்த விளக்குகளையே தேடிக்கொண்டிருந்தனர். கணக்கு வேறொன்றைச் சொல்லிற்று. ஓர் ஓம் தடையுள்ள விளக்கு 10 வோல்ற்றில் 10 அம்பியரை இழுக்கும். வலு 100 வாற்று. 100 ஓம் தடையுள்ள விளக்கு 100 வோல்ற்றில் ஒரே அம்பியரை இழுக்கும்; அதற்கும் வலு 100 வாற்றே. ஒளியில் வேறுபாடு இல்லை. தெருவிற் புதைக்குங் கம்பியிலோ வேறுபாடு மிகப் பெரிது. முன்னதன் ஓட்டம் பத்து மடங்காதலால், ஒரே கம்பியில் வீணாகும் வெப்பம் நூறு மடங்காகும்; அவ்வீணைச் சமப்படுத்த நூறு மடங்கு செப்பு வேண்டும். அவ்வளவு செப்பை வாங்கித் தெரு விளக்கேற்ற எந்த நகருக்கும் இயலாது. ஆகையால், மெல்லிய, தடை மிக்க இழையைத் தேடுவதே வேலையாயிற்று. 1879இன் கடைப்பகுதியிற் கரியாக்கிய பருத்தி நூல் அவ்வேலையைச் செய்தது. 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி நியூ யோர்க்கு நகரின் பேர்ல் வீதி நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதன் அழுத்தம் 110 வோல்ற்று அளவில் இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டிற் பாரிசில் மின்பொருட்காட்சி நடந்தது. எடிசனின் விளக்குகள் அங்கே எரிந்தன. அதனையொட்டிக் கூடிய சர்வதேச மாநாடு வோல்ற்று, அம்பியர், ஓம் என்னும் பெயர்களை உலகத்துக்குப் பொதுவாக ஏற்றது. ஒரு சதுர மில்லிமீற்றர் வெட்டுமுகமும் பனி உருகும் வெப்பநிலையுமுள்ள இரசத் தூணின் தடையைக் கொண்டு ஓமைக் குறிப்பதெனவும் தீர்மானமாயிற்று. தூணின் நீளம் 106 சதமமீற்றர் என்று 1884இல் முடிவு செய்யப்பட்டது. வலுவுக்கு வாற்று என்னும் பெயரை வில்லியம் சீமென்ஸ் 1882இல் முன்மொழிந்தார். அதனையும், சத்திக்கு ஜூல் என்னும் அலகையும் 1889இல் மறுபடியும் பாரிசிற் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி, மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள சேல் என்னும் ஊரில் ஜூல் காலமானார்.